ஒரே ரெசிஸ்டர், ஒரே கெப்பாசிட்டர்: என் ஆம்புக்கு ஒரு கிராஸ்ஓவர்

கிராஸ்ஓவர்னா கீழ் சத்தத்த ஒரு ஸ்பீக்கருக்கும் மேல் சத்தத்த இன்னொரு ஸ்பீக்கருக்கும் பிரிச்சு அனுப்புற சர்க்யூட், அப்படி ஒண்ண நான் கட்டுன கதை இது. நான் கையால கட்டுன ஸ்டீரியோ ஆம்பு (ஆம்ப்ளிஃபயர்) மூணு வருசமா ஒரு குறையும் இல்லாம ஓடிட்டு இருந்துச்சு. ரெண்டு எல்எம் 3886 சிப்பு, 20-0-20 டிரான்ஸ்பார்மர், டிசி ஆன பிறகு பிளஸ் மைனஸ் 27 வோல்ட் பக்கம் நிக்கும். குறை இருந்தது ஸ்பீக்கர்ல. அஞ்சு இன்ச் டிரைவர் (பெட்டிக்குள்ள சத்தம் எழுப்புற பாகம்), மூடுன பெட்டி, அதுவும் நானே பலகை அறுத்து ஒட்டுனது. குரல், வீணை, வயலின் எல்லாம் அவ்ளோ சுத்தமா கேக்கும். ஆனா பேஸ் கிட்டார் கொஞ்சம் கீழ இறங்குச்சுன்னா கோன் முன்னும் பின்னும் அடிச்சுக்க ஆரம்பிக்கும், அதே நேரம் பாடுறவங்க குரல் லேசா நடுங்கும், தண்ணிக்குள்ள இருந்து பாடுற மாதிரி. ரொம்ப நாள் அது ரெக்கார்டிங்ல இருக்குற குறைன்னே நெனச்சிட்டு இருந்தேன். ஒருநாள் டார்ச் அடிச்சு கோனையே பாத்துட்டு இருந்தப்பதான் புரிஞ்சுது, கோன் எப்பெல்லாம் பெருசா ஆடுதோ அப்பதான் குரல் நடுங்குது.

இதுல ஒரு எளிமையான கணக்கு இருக்கு. ஒரே அளவு சத்தம் வேணும், ஆனா ஃப்ரீக்வென்சி பாதியா குறையணும்னா கோன் நாலு மடங்கு தூரம் நகரணும். 160 ஹெர்ட்ஸ்ல அரை மில்லிமீட்டர் ஆடுற கோன் 80ல ரெண்டு மில்லிமீட்டர் ஆடணும், 40ல எட்டு. சின்ன டிரைவர்ல எட்டு மில்லிமீட்டருக்கு எங்க போறது, காயில் காந்தத்தோட இடுக்க விட்டே வெளிய வந்துடும். அதே கோன்தான் குரலையும் பாடிட்டு இருக்கு, அப்ப குரல் எப்படி நேரா நிக்கும். பத்து இன்ச் டிரைவர்னா விட்டம் ரெண்டு மடங்கு, பரப்பு நாலு மடங்கு, அதே சத்தத்துக்கு கால்வாசி ஆட்டம் போதும். சப்வூஃபர், அதாவது கீழ் சத்தத்த மட்டும் பாடுற பெரிய ஸ்பீக்கர், வேணும்னு முடிவு பண்ணது பேஸ் பத்தலைன்னு இல்ல, குரலுக்காக. இந்த ஒரு விசயத்த நான் அப்பவே கெட்டியா புடிச்சிருந்தா அடுத்த ரெண்டு மாசம் மிச்சமாகியிருக்கும்.

முதல்ல செஞ்சது எல்லாரும் செய்றதுதான். ரெடிமேடா கிடைக்கிற சின்ன சப் ஃபில்டர் போர்டு ஒண்ணு வாங்கி, வால்யூம் கண்ட்ரோலோட நடுக்கால்ல இருந்து லெஃப்ட்டுக்கு ஒரு 10 கே (10 கிலோ ஓம்) ரெசிஸ்டர், ரைட்டுக்கு ஒரு 10 கே போட்டு ரெண்டையும் சேத்து அந்த போர்டுக்கு கொடுத்து, அதுல இருந்து ஒரு டிடிஏ 7294 ஆம்பு, அதுல இருந்து பத்து இன்ச் சப். சத்தம் வந்துச்சு, நல்லாவே வந்துச்சு, வீடே அதிர்ந்துச்சு. முதல் ரெண்டு நாள் ஒரே சந்தோசம். மூணாவது நாள் தங்கச்சி வந்து உக்காந்து ஒரு பாட்டு முழுசா கேட்டா. "அண்ணா, முன்னாடி வச்சிருந்ததே நல்லா இருந்துச்சு. இப்ப எல்லாரும் நடுவுல ஒரே எடத்துல வந்து நிக்கிறாங்க. அப்புறம் அந்த பெரிய பெட்டிக்குள்ள இருந்து யாரோ முணுமுணுக்கிற மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டா.

அவ சொன்னது ரெண்டுமே சரி, ரெண்டுக்கும் தனித்தனி காரணம் இருந்துச்சு.

நடுவுல வந்து நின்னதுக்கு காரணம் நான் போட்ட அந்த ரெண்டு 10 கே. வால்யூம் கண்ட்ரோலோட நடுக்கால் ஒரு வலுவான சோர்ஸ் கிடையாது, 50 கே கண்ட்ரோல்னா வச்சிருக்குற எடத்தப் பொறுத்து அதோட இம்பீடன்ஸ் (சிக்னலுக்கு அது காட்டுற தடை) பன்னெண்டு கே வரைக்கும் போகும். லெஃப்ட்ல இருந்து ரைட்டுக்கு நடுவுல 20 கே பாலம் ஒண்ண நானே போட்டுட்டேன். கண்ட்ரோல் 10 கே இம்பீடன்ஸ் காட்டுற எடத்துல இருந்தா லெஃப்ட்டோட மூணுல ஒரு பங்கு ரைட்டுல கசியும், ரைட்டோடது லெஃப்ட்டுல. பத்து டெசிபலுக்கும் கீழ பிரிவு போயிட்டா அப்புறம் ஸ்டீரியோன்னு பேர் மட்டும்தான். பேஸ மட்டும் கலக்குறோம்னு நெனச்சு மொத்தத்தையும் கலந்து வச்சிருந்தேன்.

முணுமுணுப்புக்கு காரணம் ஃபில்டரோட சரிவு. அந்த போர்டுல இருந்தது ஒரு ரெசிஸ்டர் ஒரு கெப்பாசிட்டர், ஆக்டேவுக்கு (ஃப்ரீக்வென்சி ரெண்டு மடங்காகுற ஒவ்வொரு தடவைக்கும்) 6 டெசிபல் மட்டும் குறைக்கிற ஃபில்டர். 75 ஹெர்ட்ஸ்ல வெட்டுதுன்னு வச்சாலும் 300 ஹெர்ட்ஸ்ல 12 டெசிபல்தான் குறையுது, ஆம்பள குரலோட அடிப்பாகம் தாராளமா உள்ள போயிடும். அதோட அந்த மாதிரி சத்தம் நூறு ஹெர்ட்ஸுக்கு மேல போகப் போக காது அது எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு கண்டுபுடிச்சிடும், ஸ்பீக்கர் முன்னாடி இருக்கு, சப் மூலையில இருக்கு, குரலோட அடிப்பாகம் மூலையில இருந்து வருது. முணுமுணுப்புன்னு அவ சொன்னதுக்கு அதவிட நல்ல வார்த்தை எனக்கும் கிடைக்கல.

எல்லாத்த விடவும் பெரிய தப்பு மூணாவது, அத யாரும் சொல்லல, நானேதான் மறுபடி டார்ச் அடிச்சு பாத்தேன். அஞ்சு இன்ச் கோன் அதே மாதிரி ஆடிட்டு இருந்துச்சு. ஏன்னா அதுக்குப் போற சிக்னல்ல நான் கையே வைக்கல. சப்புக்கு லோ பாஸ் (கீழ இருக்குறத மட்டும் விடுற ஃபில்டர்) போட்டேன், ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் (மேல இருக்குறத மட்டும் விடுற ஃபில்டர்) போடல. எதுக்காக சப் வாங்குனனோ அந்த வேலை அப்படியே கிடந்துச்சு. கிராஸ்ஓவர்னு சொன்னாலே ரெண்டு பக்கமும் சேந்துதான், ஒரு பக்கம் கீழ இருக்குறத எடுத்துக்கணும், இன்னொரு பக்கம் அத விட்டுக்கொடுக்கணும். வீட்டுல ஆம்பு கட்டுற நெறைய பேர் இந்த ரெண்டாவது பாதிய செய்றதே இல்ல, அதுலதான் பலனே இருக்குன்னு இப்ப உறுதியா சொல்லுவேன்.

சரி, ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல காயில், கெப்பாசிட்டர் போட்டு பிரிக்கலாமேன்னு கேப்பாங்க. நானும் கணக்குப் போட்டு பாத்தேன். 4 ஓம் சப்புக்கு 75 ஹெர்ட்ஸ்ல செகண்ட் ஆர்டர் ஃபில்டர்னா (ஆக்டேவுக்கு 12 டெசிபல் சரிவு) காயில் 12 மில்லிஹென்றி, கெப்பாசிட்டர் 375 மைக்ரோஃபேரட், அதுவும் போலாரிட்டி இல்லாதது. அவ்ளோ பெரிய காயில் சுத்துனா செம்புக் கம்பியோட ரெசிஸ்டன்ஸே ஆம்புக்கு சப் மேல இருக்குற பிடிய தளர்த்திடும். போதாததுக்கு ஸ்பீக்கரோட இம்பீடன்ஸ் அந்த எடத்துல 4 ஓம்ல நிக்கிறதும் இல்ல, ரெசனன்ஸ்ல, அதாவது கோன் தானாவே ஆட விரும்புற ஃப்ரீக்வென்சியில, இருபது முப்பதுன்னு ஏறும், கணக்கு மொத்தமும் தப்பிடும். அதனால ஆம்புக்கு முன்னாடியே, சின்ன சிக்னல்லயே, ஆப் ஆம்ப் (சின்ன சிக்னல கையாளுற ஆம்ப்ளிஃபயர் ஐசி) வச்சு பிரிச்சுடணும்.

எந்த மாதிரி ஃபில்டர்ங்கிறதுல எனக்கு குழப்பமே வரல. சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலின்னு ரெண்டு பேர் ஹ்யூலெட் பேக்கார்ட்ல வேலை பாத்தவங்க, 1976ல ஒரு கட்டுரை வந்துச்சு, அதுல இருந்துதான் இன்னிக்கு உலகம் முழுக்க லிங்க்விட்ஸ் ரைலின்னு சொல்ற கிராஸ்ஓவர். விசயம் இவ்ளோதான்: பட்டர்வொர்த் வகை (வெட்டுற எடம் வரைக்கும் மேடு இல்லாம சமமா விடுறது) செகண்ட் ஆர்டர் ஃபில்டர் ரெண்ட வரிசையா போட்டா ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவு, வெட்டுற எடத்துல ரெண்டு பக்கமும் சரியா 6 டெசிபல் குறைஞ்சிருக்கும், ரெண்டும் ஒரே ஃபேஸ்ல இருக்கும், அதாவது ஒண்ணா ஏறி ஒண்ணா எறங்கும், அதனால கூட்டுனா மேடும் இல்லாம பள்ளமும் இல்லாம நேர்கோடு. 300 ஹெர்ட்ஸ்ல இப்ப 48 டெசிபல் குறைஞ்சிடும், முணுமுணுப்புக்கு எடமே இல்ல. அந்த செகண்ட் ஆர்டர ஒரே ஆப் ஆம்ப்ல கட்ட சாலன் கீ சர்க்யூட், அது 1955ல வந்தது, வால்வு காலத்து யோசனை, இன்னிக்கும் அதவிட எளிமையா ஒண்ணு எனக்குத் தெரிஞ்சு இல்ல.

இப்ப எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதிக்கு வர்றேன். கெயின் (பெருக்கம்) 1ஆ இருக்குற சாலன் கீயில, லோ பாஸுக்கு ரெண்டு ரெசிஸ்டரும் சமம், ஆனா கெப்பாசிட்டர்ல ஒண்ணு இன்னொண்ணோட ரெண்டு மடங்கு இருக்கணும், அப்பதான் பட்டர்வொர்த். ஹை பாஸுக்கு அப்படியே தலைகீழ், ரெண்டு கெப்பாசிட்டரும் சமம், ரெசிஸ்டர்ல ஒண்ணு இன்னொண்ணோட ரெண்டு மடங்கு. ஒரு நோட்டுல எழுதிட்டு உக்காந்திருந்தப்ப தோணுச்சு, ரெண்டு மடங்கு கெப்பாசிட்டர்னா ஒரே மதிப்பு ரெண்ட பேரலலா வச்சா ஆச்சு, ரெண்டு மடங்கு ரெசிஸ்டர்னா ஒரே மதிப்பு ரெண்ட சீரிஸா வச்சா ஆச்சு. 15 கே, 100 நானோஃபேரட்னு வச்சு போட்டேன், லோ பாஸ் 75.03 ஹெர்ட்ஸ். ஹை பாஸும் அதே 75.03. மொத்த கிராஸ்ஓவருக்கும் ஃபில்டர் பகுதியில ஒரே ரெசிஸ்டர் மதிப்பு, ஒரே கெப்பாசிட்டர் மதிப்பு! சப்புக்கு ரெண்டு ஸ்டேஜ், 4 ரெசிஸ்டர் 6 கெப்பாசிட்டர். ஸ்பீக்கருக்கு சேனலுக்கு ரெண்டு ஸ்டேஜ், ரெண்டு சேனலுக்கும் சேத்து 12 ரெசிஸ்டர் 8 கெப்பாசிட்டர். ஆக 16க்கு 14. ஒரு பட்டை 15 கே, ஒரு கவர் 100 நானோ, முடிஞ்சுது. தப்பா எடுத்து தப்பான எடத்துல வைக்கவே முடியாது. எல்லாம் ஒரே தயாரிப்புல இருந்து வர்றதால ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போறதும் தானா கிடைச்சிடுது.

ரெசிஸ்டர் நீல நிற மெட்டல் ஃபிலிம், 1 சதவீதம், பழுப்பு பச்சை கறுப்பு சிவப்பு பழுப்பு. கெப்பாசிட்டர்லதான் கவனமா இருக்கணும். 104னு (100 நானோங்கிறதுக்கான குறி) போட்டிருந்தா போதும்னு டிஸ்க் செராமிக்க எடுத்து வைக்கக்கூடாது. 104 பக்கத்துல இசட் இருந்தா அது 80 சதவீதம் கூடவும் இருக்கலாம் 20 சதவீதம் குறைவாவும் இருக்கலாம்னு அர்த்தம், அதோட அந்த வகை செராமிக்ல வோல்டேஜ் ஏற ஏற மதிப்பே மாறும், அத ஃபில்டர்ல போட்டா சத்தத்த கெடுக்கும். ஜேன்னு இருக்குற ஃபிலிம் கெப்பாசிட்டர், 5 சதவீதம், அதுதான் வேணும். செராமிக்குக்கு வேற வேலை இருக்கு, ஒவ்வொரு ஐசியோட 8ஆவது காலுக்கும் 4ஆவது காலுக்கும் பக்கத்துல கிரவுண்டுக்கு ஒண்ணு ஒண்ணா ஒட்டி உக்காரணும், இல்லன்னா ஐசி கேக்காத ஃப்ரீக்வென்சியில கத்த ஆரம்பிச்சிடும்.

ஐசி டிஎல் 072, அஞ்சு எண்ணம். என்இ 5532 இன்னும் நல்லதுன்னு சொல்லுவாங்க, இரைச்சல் குறைவுங்கிறது உண்மைதான், ஆனா அதோட இன்புட் கரண்ட் 200 நானோஆம்பியர் பக்கம், 30 கே வழியா போகும்போது 6 மில்லிவோல்ட் டிசி தானா உருவாகும். 072ல இன்புட் ஜேஃபெட்ங்கிற வகை டிரான்சிஸ்டர், அந்தக் கரண்ட் இல்லன்னே சொல்லலாம். இந்த சர்க்யூட்டுக்கு 072தான் பொருத்தம்னு எனக்குப் பட்டுச்சு. அஞ்சு ஐசின்னா பத்து ஆப் ஆம்ப்: வால்யூம் கண்ட்ரோலுக்குப் பிறகு சேனலுக்கு ஒரு பஃபர் (சிக்னல மாத்தாம வலுவாக்கிக் கொடுக்குறது), லெஃப்ட் ரைட்ட கூட்ட ஒண்ணு, அத தலைகீழாக்க ஒண்ணு, லோ பாஸுக்கு ரெண்டு, ஹை பாஸுக்கு நாலு. முன்னாடி ஸ்டீரியோவ கெடுத்த அந்த ரெண்டு 10 கே இப்பவும் இருக்கு, ஆனா பஃபருக்குப் பின்னாடி, கூட்டுற ஆப் ஆம்போட மைனஸ் கால்ல போய் சேருது. அந்தக் கால் எப்பவும் கிரவுண்ட் மாதிரியே அசையாம நிக்கிறதால லெஃப்ட் வந்து ரைட்ட எட்டிப் பாக்கவே முடியாது. சிக்னல வால்யூமுக்கு அப்புறம் எடுத்ததால ஒரே குமிழ திருப்புனா சப்பும் கூடவே ஏறி எறங்கும்.

ஆம்போட 27 வோல்ட்ட அப்படியே 072க்கு கொடுக்க முடியாது, அது தாங்குறது பிளஸ் மைனஸ் 18 வரைக்கும்தான். அதனால 7815, 7915ன்னு பிளஸ் 15, மைனஸ் 15 வோல்ட் கொடுக்குற ரெகுலேட்டர் ரெண்டு. இங்க ஒரு எச்சரிக்கை, ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் கால் வரிசை வேற. 7815ல இன்புட், கிரவுண்ட், அவுட்புட். 7915ல கிரவுண்ட், இன்புட், அவுட்புட். அதோட 7915 முதுகுல இருக்குற தகடு கிரவுண்ட் கிடையாது, இன்புட், அதாவது மைனஸ் 27 வோல்ட் நேரா தகட்டுல நிக்கும். கேபினட்டுல அப்படியே ஸ்குரூ போட்டு முடுக்குனா ஷார்ட்தான். மைக்காவும் பிளாஸ்டிக் வாஷரும் போடணும். டிடிஏ 7294 முதுகும் அதே மைனஸ்தான், அதுக்கும் மைக்கா.

டாட் போர்டுல வச்சு ஈயம் வைக்க ரெண்டு ராத்திரி ஆச்சு. முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது சீரிஸ் லேம்ப் (மெயின்ஸோட சீரிஸ்ல ஒரு பல்பு) போட்டுத்தான் கொடுத்தேன், பல்பு ஒரு தடவ பளிச்சுன்னு எரிஞ்சு மங்கிடுச்சுன்னா ஷார்ட் இல்லைன்னு அர்த்தம். ஸ்பீக்கர் எதையும் மாட்டல. மல்டிமீட்டர டிசி மில்லிவோல்ட்ல வச்சு அஞ்சு ஐசிலயும் 1, 7 ரெண்டு கால்லயும் தொட்டுப் பாத்தேன், எல்லாம் சில மில்லிவோல்ட்டுக்குள்ள. இந்த பத்து இடத்தையும் பாக்காம யாரும் ஸ்பீக்கர மாட்டாதீங்க, ஏதோ ஒரு சப்ளை வரலைன்னா ஆப் ஆம்போட அவுட்புட் ஒரு பக்கமா ஒட்டிக்கும், அந்த டிசி ஆம்பு வழியா போய் காயில கருக்கிடும். அதுக்காகவே ஒவ்வொரு பவர் ஆம்புக்கு முன்னாடியும் ஒரு கெப்பாசிட்டர் காவலுக்கு நிக்கணும்.

எல்லாம் சரியா இருந்துச்சு, மாட்டுனேன், சப்ல இருந்து "உர்ர்ர்"னு ஹம்.

இந்த ஹம்முக்கு அஞ்சு நாள் போச்சு. ஹம்முலயே ரெண்டு வகை இருக்குன்னு அப்பதான் கத்துக்கிட்டேன். மெயின்ஸோட ஃப்ரீக்வென்சியிலயே, 50 இல்லன்னா 60ல, வழவழன்னு வந்தா டிரான்ஸ்பார்மரோட காந்தப்புலமோ கிரவுண்ட் லூப்போ காரணமா இருக்கும். அதோட ரெண்டு மடங்குல, கரகரன்னு ஓரம் வச்சு வந்தா கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகுற கரண்ட் கிரவுண்ட் வழியா கலந்து வருதுன்னு அர்த்தம். எனக்கு வந்தது கரகரப்பு. ஷீல்டு ஒயர மாத்துனேன், டிரான்ஸ்பார்மர திருப்பி வச்சேன், ஒண்ணும் மாறல. கடைசியில போர்டோட கிரவுண்ட் ஒயர விரலால தொடர்ந்து போய் எங்க முடியுதுன்னு பாத்தேன். டிரான்ஸ்பார்மரோட சென்டர் டேப்புல இருந்து ரெண்டு பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர் சேர்ற எடத்துக்கு ஒரு தடிச்ச ஒயர் போகும்ல, அதோட நடுவுல தோதா இருக்கேன்னு அங்க ஈயம் வச்சிருந்தேன். அந்த ஒயர்லதான் டயோடு திறக்குற ஒவ்வொரு தடவையும் பல ஆம்பியர் கரண்ட் துடிப்பு துடிப்பா ஓடும். ஒயர் தடிமனா இருந்தாலும் ரெசிஸ்டன்ஸ் சுத்தமா இல்லாம இருக்காது, ஒரு சில மில்லிவோல்ட் அங்க உருவானாலும் டிடிஏ 7294 அத முப்பது மடங்குக்கு மேல பெருக்கி சப்புக்கு கொடுத்துடும். அங்கருந்து கழட்டி, கெப்பாசிட்டர் சேர்ற எடத்துல இருந்து தனியா ஒரு துண்டு ஒயர் வெளிய இழுத்து, அதோட நுனியில ஒரு ரிங் டேக் வச்சு, ஆம்பு மூணுக்கும் கிராஸ்ஓவருக்கும் கிரவுண்ட் எல்லாம் அந்த ஒரு புள்ளியில மட்டும் சேர்ற மாதிரி மாத்துனேன். ஷீல்டு ஒயரோட ஷீல்ட ஒரு முனையில மட்டும் விட்டேன். காத சப் கோன்ல ஒட்ட வச்சு கேட்டேன். ஒண்ணுமே இல்ல. ஆம்பு ஆன்ல இருக்கான்னு எல்இடிய பாத்து உறுதி பண்ணிக்கிட்டேன்.

அடுத்தது ஃபேஸ். லிங்க்விட்ஸ் ரைலி ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்க ஒரு அழகான சோதனை இருக்கு. 75 ஹெர்ட்ஸ் டோன் ஓட விட்டு, ஒரு ஸ்பீக்கர், சப் ரெண்டுக்கும் சம தூரத்துல மொபைல் போன வச்சு சத்த அளவ பாத்துட்டு, சப்போட போலாரிட்டிய தலைகீழா மாத்தணும். நேரா இருக்கும்போது ரெண்டும் சேந்து கூடும், தலைகீழா இருக்கும்போது ஒண்ண ஒண்ணு அழிச்சு சத்தம் படக்குன்னு விழுந்துடணும். இதுக்குத்தான் அந்த தலைகீழாக்குற ஆப் ஆம்பும் ஒரு ஸ்விட்சும். ஸ்விட்ச இந்தப் பக்கம் போட்டேன், அந்தப் பக்கம் போட்டேன். அளவு மாறவே இல்ல. அரை டெசிபல் கூட இல்ல. ஸ்விட்ச்தான் வேலை செய்யலைன்னு நெனச்சு கழட்டி மீட்டர் வச்சு பாத்தேன், ஸ்விட்ச் ஒழுங்கா இருக்கு.

எப்படி போட்டாலும் ஒரே அளவுன்னா ரெண்டுக்கும் நடுவுல ஃபேஸ் வித்தியாசம் 90 டிகிரின்னு அர்த்தம். போர்டு சரியா 360, அதாவது ஒரு முழு சுத்து, கொடுக்குது, அப்ப அந்த கூடுதல் 90 எங்கருந்து வந்துச்சு? யோசிச்சு யோசிச்சு ராத்திரி படுத்த பிறகு விளங்குச்சு. மூடுன பெட்டி ஸ்பீக்கரே ஒரு செகண்ட் ஆர்டர் ஹை பாஸ்தான்! அதோட ரெசனன்ஸுக்கு கீழ ஆக்டேவுக்கு 12 டெசிபல் தானா விழும், ரெசனன்ஸ்ல சரியா 90 டிகிரி திருப்பும். காலையில எழுந்ததும் ஒரு 100 ஓம் ரெசிஸ்டர ஸ்பீக்கரோட சீரிஸ்ல போட்டு, டோன ஒவ்வொரு ஹெர்ட்ஸா ஏத்தி, ஸ்பீக்கர் கால்ல ஏசி வோல்ட் எங்க உச்சத்துக்குப் போகுதுன்னு பாத்தேன். 68, 70, 72ன்னு ஏறிட்டே போய் 77ல நின்னு 80ல இறங்க ஆரம்பிச்சுது. பெட்டியோட ரெசனன்ஸ் 77. என் கிராஸ்ஓவர் 75. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கு. அதாவது போர்டோட 24, பெட்டியோட 12, மொத்தம் 36 டெசிபல் சரிவ ஸ்பீக்கர் பக்கம் போட்டு வச்சிருக்கேன், சப் பக்கம் 24தான்.

தீர்வு எதையும் சேக்குறதுல இல்ல, எடுக்குறதுல இருந்துச்சு. சேனலுக்கு ஒரு ஹை பாஸ் ஸ்டேஜ தூக்கிட்டா போர்டோட 12, பெட்டியோட 12, சேந்து 24. டிஹெச்எக்ஸ்ங்கிற ஹோம் தியேட்டர் தர முறையிலயும் 80 ஹெர்ட்ஸ்ல ஸ்பீக்கருக்கு 12, சப்புக்கு 24ன்னு வச்சிருக்காங்க, அது ஏன்னு எனக்கு இத்தன நாளா புரிஞ்சதே இல்ல, இப்ப என் மேசை மேலயே புரிஞ்சுது. ரெண்டாவது ஸ்டேஜ்ல இருந்த ரெசிஸ்டர், கெப்பாசிட்டர கழட்டிட்டு ஒரு ஜம்பர் போட்டேன். சும்மா கிடக்குற ஆப் ஆம்ப அப்படியே விடக்கூடாது, பிளஸ் கால கிரவுண்டுலயும் அவுட்புட்ட மைனஸ் கால்லயும் கட்டி வச்சேன். மறுபடி 75 ஹெர்ட்ஸ், மறுபடி ஸ்விட்ச். இந்த தடவ தலைகீழா போட்டதும் அறையில இருந்த டோன் அப்படியே கரைஞ்சு போச்சு, போன்ல 17 டெசிபல் கீழ. ரெண்டு பெட்டியும் முழுசா ஓடிட்டு இருக்கு, கிட்டப் போய் கை வச்சா கோன் ஆடுறது தெரியுது, நான் நிக்கிற எடத்துல மட்டும் சத்தம் இல்ல. பத்து தடவையாச்சும் ஸ்விட்ச போட்டு போட்டு பாத்திருப்பேன்.

சப்ப எங்க வைக்கிறதுங்கிறது இன்னொரு பெரிய கதை, சுருக்கமா சொல்றேன். 75 ஹெர்ட்ஸ்ல அலையோட நீளம் நாலரை மீட்டர், அறையே அந்த அளவுலதான் இருக்கும், அதனால சில எடத்துல பேஸ் குவியும் சில எடத்துல காணாமலே போகும். நீங்க உக்கார்ற நாற்காலியில சப்ப தூக்கி வச்சு, பேஸ் கிட்டார் மேல கீழ நடக்குற பாட்டு ஒண்ண போட்டுட்டு, சுவர் ஓரமா தரையோட தரையா தவழ்ந்து போய் கேளுங்க. எந்த எடத்துல எல்லா ஸ்வரமும் ஒரே அளவா கேக்குதோ அங்கதான் சப்புக்கு இடம். எனக்கு அது மூலையில இருந்து ஒரு கை தள்ளி கிடைச்சுது. லெவல் கண்ட்ரோல், எல்எம் 3886 ஆம்போட கெயின் 26 டெசிபல், டிடிஏ 7294ஓடது 30, அதனால எப்படியும் நாலு டெசிபலாவது குறைச்சுத்தான் ஆரம்பிக்கணும். நான் இப்ப வச்சிருக்கிறது முதல் வாரத்துல வச்சிருந்ததுல பாதிக்கும் கீழ.

சரிபாக்க நான் வச்சிருக்கிறது மிருதங்கம். தொப்பிப் பக்கத்துல கும்கி வாசிக்கும்போது நாதம் வழுக்கி மேல ஏறும் பாருங்க, அது சப்புல பிறந்து ஸ்பீக்கர்ல போய் முடியும். பழைய ஃபில்டர்ல அது மூலையில "தொம்"னு ஒண்ணு, அப்புறம் முன்னாடி "உம்"னு ஒண்ணு, ரெண்டு ஆள் வாசிக்கிற மாதிரி இருக்கும். இப்ப ஒரே தோல், ஒரே கை, சப் இருக்குற மூலைக்கு கவனமே போகல. அந்த நேரத்துல டார்ச் எடுத்து அஞ்சு இன்ச் கோன்ல அடிச்சேன். அசையுதா இல்லையான்னே தெரியாத அளவுக்கு நிக்குது. பாடுறவங்க குரல்ல நடுக்கம் துளி இல்ல. தங்கச்சி வந்து அதே பாட்டக் கேட்டா, முடியிற வரைக்கும் எழுந்திரிக்கல, முடிஞ்சதும் "அந்த பெரிய பெட்டிய எடுத்துட்டியா?"ன்னு கேட்டா. போய் சப் மேல கை வச்சுப் பாருன்னு சொன்னேன்.

இப்ப ஆறு 15 கேயும் நாலு 100 நானோவும் கழட்டுனது டப்பாவுல கிடக்கு, ஐசியில ரெண்டு ஆப் ஆம்ப் சும்மா இருக்கு. சப்புக்கு துளை வச்ச பெட்டி ஒண்ணு அடிக்கணும்னு ஆசை. துளை வச்ச பெட்டியில ட்யூன் பண்ண ஃப்ரீக்வென்சிக்கு கீழ போனா உள்ள காத்தோட பிடி விட்டுப் போய் கோன் கட்டுப்பாடில்லாம ஆடும், அதனால சப்சோனிக் ஃபில்டர் கட்டாயம். நேத்து கணக்குப் போட்டேன். மூணு 15 கே சீரிஸ்ல 45, ஆறு சீரிஸ்ல 90, அதே 100 நானோ ரெண்டு, சரியா 25 ஹெர்ட்ஸ் வருது. ஒன்பது ரெசிஸ்டர் வேணும். கழட்டுனது ஆறு, வாங்குன பட்டையில மிச்சம் நாலு. பலகைக்கு அளவு எடுத்துட்டு இருக்கேன்.